கருமூஞ்சி இறங்க மறுத்த கதை

மொட்டைக் கரடு என்ற குன்றின் மேல் அறுபது செம்மறி ஆடுகள் கொண்ட ஒரு மந்தை இருந்தது. மேய்ப்பவர் யாரும் கிடையாது. மந்தைக்குத் தலைவன் திருகுக்கொம்பன் என்ற கிடா. அவன் நடந்தால் மந்தை நடக்கும். அவன் நின்றால் மந்தை நிற்கும். அவன் தும்மினால் மற்ற ஐம்பத்தொன்பது மூக்கும் தும்மப் பார்க்கும். அவ்வளவு ஒழுங்கு!

குன்றின் அடியில் ஒரு கண்மாய். ஐப்பசி, கார்த்திகை மழையில் அது நிறைந்து, கரையெல்லாம் புல் முழங்கால் உயரத்துக்கு வளர்ந்து நிற்கும். மேலே கரட்டில் என்ன இருக்கிறது? நாலு கற்றாழை, பத்து முள்செடி, பாறை இடுக்கில் கொஞ்சம் கோரை. ஆனாலும் புல் வளர்ந்துவிட்டது என்று ஆடுகள் உடனே கீழே ஓடிவிட முடியாது. கரைச் சேற்றில் பொடிப்பூச்சி என்று ஒன்று பிறக்கும். எள்ளில் பாதிகூட இருக்காது. அது கடித்தால் காய்ச்சல் வரும். உதடு வீங்கும், வாயெல்லாம் புண்ணாகும், நாக்கு தடித்து நீலமாகும், குளம்பு நொந்து நடக்க முடியாமல் போகும். வாயும் வயிறுமாக இருக்கும் ஆடு என்றால் வயிற்றில் இருப்பதும் தங்காது. நீலநாக்கு நோய் என்று அதற்குப் பேர்.

அதனால் முன்னோர் ஓர் ஏற்பாடு செய்து வைத்திருந்தார்கள். மழைக்காலம் முழுக்கக் கரட்டு உச்சியில் இருக்க வேண்டும். அங்கே அடிக்கிற காற்றில் பொடிப்பூச்சியால் பறக்க முடியாது. மார்கழி பிறந்ததும் பனி பெய்யும். குளிரில் பூச்சி செத்து ஒழியும். அப்புறம் இறங்கி, மாசி வரைக்கும் வயிறு புடைக்க மேயலாம். நல்ல ஏற்பாடுதான். மார்கழியில் பனி பெய்த வரைக்கும் அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

சரி, மார்கழி பிறந்தது ஆட்டுக்கு எப்படித் தெரியும்? கண்மாய்க்கு அந்தப் பக்கம் ஓர் ஊர் இருந்தது. மார்கழி முதல் நாள் விடியற்காலையில் அந்த ஊர்க் கோயில் ஒலிபெருக்கியில் பாட்டுப் போடுவார்கள். பாட்டுக் கேட்டால் மார்கழி. திருகுக்கொம்பன் முன்னால் நடப்பான். ஒருவர் வாலில் ஒருவர் மூக்கை வைத்துக்கொண்டு மந்தை முழுக்க ஒற்றை வரிசையில் இறங்கும். பாதி வழியில் எல்லா ஆடும் ஒரு குதி குதிக்கும். ஏன் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. எப்போதோ அந்த இடத்தில் ஒரு வேலமரம் விழுந்து கிடந்ததாம். மரம் மக்கி மண்ணாகிப் பல வருஷம் ஆகிவிட்டது. குதி மட்டும் நிற்கவில்லை.

போன வருஷம் மார்கழியில் பனி சரியாகப் பெய்யவில்லை. பாட்டு வந்தது, மந்தை இறங்கியது, ஒன்பது உருப்படி செத்தது. அதில் ஒன்று, கருமூஞ்சி என்ற ஆட்டின் தலைச்சன் குட்டி. பிறந்து இருபது நாள்கூட ஆகவில்லை. ஏன் செத்தார்கள் என்று மந்தை கேட்டபோது திருகுக்கொம்பன் கொஞ்சமும் யோசிக்காமல் ஒரு பதில் சொன்னான். கருமூஞ்சியின் குட்டி வரிசையை விட்டுத் துள்ளி ஓடியதாம். அந்தத் தோஷம்தான் மந்தையைப் பிடித்ததாம். மந்தையும் நம்பியது. குட்டியைப் பறிகொடுத்தவளைத்தான் அந்த வருஷம் முழுக்க எல்லோரும் முறைத்தார்கள். இதை நினைத்தால் எனக்கே வயிறு எரிகிறது, அவளுக்கு எப்படி இருந்திருக்கும்!

இந்த வருஷம் கருமூஞ்சி மறுபடியும் சினையாக இருந்தாள். ஈனுவதற்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது. இந்தக் குட்டியையாவது காப்பாற்ற வேண்டும் என்ற ஒரே நினைப்பில் அவள் புல்லைப் பார்க்கவில்லை, பாட்டையும் எதிர்பார்க்கவில்லை. தினமும் காலையில் எழுந்து பாறையை நக்கிப் பார்ப்பாள். பாறை ஈரமே இல்லாமல் கிடந்தது. மூச்சு விட்டுப் பார்ப்பாள். மூக்கிலிருந்து புகை வரவில்லை. கார்த்திகை முடிகிற நேரத்தில் சித்திரை மாதிரிப் புழுங்கியது.

ஊர் நாய் சடையன் எலும்பு தேடிக் கரட்டுப் பக்கம் வரும். அது சேதி கொண்டு வந்தது. ஊரில் வீட்டுக்கு ஒருவர் காய்ச்சலில் சுருண்டு கிடக்கிறார்களாம். அது வேறு கொசு, வேறு காய்ச்சல். இந்நேரம் அடங்கியிருக்க வேண்டிய கொசு அடங்கவே இல்லையாம். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அம்மாக்கள் தொட்டியையும் உரலையும் கவிழ்த்துக் கவிழ்த்துத் தண்ணீரைக் கொட்டுகிறார்களாம். மாட்டு டாக்டர் வந்து ஊர் ஆடுகளுக்கெல்லாம் ஊசி போட்டுவிட்டுப் போனாராம்.

"பூமியே சூடாகிக்கிட்டுப் போகுதுன்னு பேசிக்கிறாங்க, தாயி. பனி வருஷா வருஷம் தள்ளிப் போகுதாம். ஊர் ஆட்டுக்கு ஊசி போட டாக்டர் இருக்கார். உங்களுக்கு யார் இருக்கா?" என்று கேட்டது சடையன்.

கருமூஞ்சி அன்றைக்கே திருகுக்கொம்பனிடம் போய்ச் சொன்னாள். செவிடன் காதில் ஊதிய சங்குதான். நாய் பேச்சைக் கேட்டு மந்தையை நடத்துகிற நிலைமை தனக்கு இன்னும் வரவில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டான்.

நாலாம் நாள் விடியலில் கோயில் ஒலிபெருக்கி கரகரத்தது. பாட்டு வந்துவிட்டது! பசித்துக் கிடந்த மந்தை துள்ளி எழுந்தது. திருகுக்கொம்பன் முன்னால் வந்து நின்றான். வரிசை சேர்ந்தது. கரட்டிலிருந்து இறங்குகிற வழி ஓரிடத்தில் இரண்டு பாறைக்கு நடுவே குறுகிப் போகும். அந்த இடத்துக்கு வந்து பார்த்தால், கருமூஞ்சி வழியை அடைத்துக் குறுக்கே நின்றாள்.

"அண்ணே, பனி வரல. இறங்க வேண்டாம்" என்றாள்.

"பாட்டுப் போட்டாச்சு. மார்கழி பிறந்தாச்சு. விலகு, ஆத்தா."

"பாட்டு மனுஷன் போடுறது. பூச்சியைக் கொல்றது பனி. பாட்டுக்கு எந்தப் பூச்சி செத்துது, சொல்லுங்க!"

மந்தையில் யாரோ சிரித்துவிட்டார்கள். திருகுக்கொம்பனுக்குச் சுருக்கென்றது. அந்த நேரம் பார்த்துப் பாறைக்குக் கீழேயிருந்து ஒரு குரல் வந்தது. குரல் கழுதைப்புலியுடையது. செத்ததைத் தின்று வளர்ந்த உடம்பு. போன மார்கழியில் அதற்கு நல்ல விருந்து. அதன் பிறகு தினம் ஒரு நேரம் பட்டினி.

தலைவர் சொன்னதுதான் சரி என்றது கழுதைப்புலி. பெரியவர்கள் வகுத்த முறையைப் பனிக்காக மாற்றலாமா என்று வருத்தப்பட்டது. பிள்ளைத்தாய்ச்சிகள் பசியோடு நிற்பதைப் பார்க்கத் தன்னால் முடியவில்லை என்று கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டது. ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம். அந்த ஓநாயாவது இதைவிடக் கொஞ்சம் வெட்கப்பட்டிருக்கும்.

"நம்ம வயிற்றைப் பற்றி கழுதைப்புலி என்னைக்கு அண்ணே கவலைப்பட்டுச்சு? அது நல்லதுன்னு சொல்ற வழியில போறதுக்கு முன்னாடி ஒரு தடவை யோசிக்க வேண்டாமா?" என்று கேட்டாள் கருமூஞ்சி.

திருகுக்கொம்பனுக்கு யோசிக்க மனசில்லை. அத்தனை பேர் முன்னால் ஓர் ஆடு எதிர்த்து நின்றதுதான் அவனுக்குப் பெரிதாகப் பட்டது. சினை ஆட்டை முட்டவும் முடியாது, அது மந்தைக்கே அசிங்கம். ஆகவே அவன் தீர்ப்புச் சொன்னான். வரிசையை மறித்தவளுக்கு இனி மந்தையில் இடமில்லை. அவளோடு யாரும் படுக்கக் கூடாது, அவளுக்கு யாரும் குரல் கொடுக்கக் கூடாது. தனி ஆடு என்றால் அதற்கு என்ன அர்த்தம் என்று எல்லா ஆட்டுக்கும் தெரியும்.

கருமூஞ்சிக்குக் கால் நடுங்கியது. நடுங்கிய காலோடுதான் சொன்னாள்.

"சரி, தள்ளி வையுங்க. என் ஒரு குட்டியை உங்க வரிசைக்குக் கொடுத்தேன். இன்னொண்ணு கொடுக்க மாட்டேன்."

சொல்லிவிட்டு அவள் மேலே திரும்பி நடந்தாள். அவள் பின்னால் ஐந்து ஆடுகள் வரிசையை விட்டு வெளியே வந்தன. மூன்று அவளைப் போலச் சினை. இரண்டு, போன வருஷம் குட்டியைப் பறிகொடுத்தவை. மிச்சம் ஐம்பத்து மூன்றும் திருகுக்கொம்பன் பின்னால் இறங்கின. பாதி வழியில் எல்லாமே, இல்லாத மரத்தை ஒழுங்காகத் தாண்டின.

கண்மாய்க் கரையில் பொடிப்பூச்சிகள் தலைவனை வரவேற்றன.

"வாங்க, வாங்க! எங்க இந்த வருஷம் வராம போயிடுவீங்களோன்னு நெனச்சோம்" என்றது ஒரு பூச்சி.

"இது மார்கழி. நீங்க செத்திருக்கணும்" என்றான் திருகுக்கொம்பன்.

"அப்படியா? எங்களுக்கு யாரும் சொல்லலையே. போன மாசமும் இதே சூடு, இந்த மாசமும் இதே சூடு. பிள்ளைகுட்டியோட சௌக்கியமா இருக்கோம்!"

முதல் நாலு நாள் புல்தான் மந்தைக்குக் கண்ணில் பட்டது. கடிக்கு வாலை ஆட்டிக்கொண்டார்கள். மேலே ஆறு ஆடுகள் முள்செடியைக் கடித்துக்கொண்டு பசியோடு கிடந்தன. கீழேயிருந்து கேலி பேசினார்கள். கருமூஞ்சிக்கும் சந்தேகம் வராமல் இல்லை. தன் பிடிவாதத்தால் வயிற்றுப் பிள்ளை பட்டினி கிடக்கிறதோ என்று பயந்தாள். கழுதைப்புலி மட்டும் கரடு ஏறவே இல்லை. கீழே ஐம்பத்து நாலு இருக்கும்போது ஆறுக்காக எதற்கு மூச்சு வாங்க வேண்டும்?

எட்டாம் நாள் முதல் ஆடு படுத்தது. பன்னிரண்டாம் நாளுக்குள் பதினொரு ஆடுகள் செத்துப்போயின. இருபதுக்கு மேல் வாய் வீங்கி, எச்சில் ஒழுக, புல்லைப் பார்த்துக்கொண்டே நின்றன. கடிக்க முடியவில்லை. திருகுக்கொம்பனுக்கும் நாக்கு தடித்துவிட்டது. கழுதைப்புலி கருவேல மர நிழலில் படுத்து ஏப்பம் விட்டுக்கொண்டிருந்தது.

சடையன் மேலே ஓடிவந்து இதைச் சொன்னதும் கருமூஞ்சி எழுந்துவிட்டாள். போய் அவர்களைக் கூட்டி வரப்போவதாகச் சொன்னாள். கூட இருந்த வெள்ளைக்காதி வழியை மறித்தாள்.

"கூட்டிட்டு வந்தா நமக்கும் ஒட்டிக்கும். நம்ம வயிற்றில இருக்கிறதும் போகும். அவங்கதானே உன்னைத் தள்ளி வச்சாங்க? கிடக்கட்டும்!"

"போன வருஷம் என் குட்டி சாகிறப்போ ரெண்டு நாள் அது வாயை நக்கிக்கிட்டே கிடந்தேன். எச்சிலும் புண்ணும் என் நாக்கில பட்டுச்சு. எனக்கு ஒண்ணும் வரல. இது ஆட்டுக்கு ஆடு தொட்டு ஒட்டுற நோய் இல்ல, வெள்ளைக்காதி. பூச்சி கடிச்சு வர்றது. இங்க காத்து இருக்கு, பூச்சி இல்ல. யார் வந்தாலும் நமக்கு ஒண்ணும் ஆகாது."

வெள்ளைக்காதி தலை குனிந்து வழியை விட்டாள். அந்த இரண்டு நாளும் கருமூஞ்சி பக்கத்தில் போகாமல் விலகி நின்றவர்களில் அவளும் ஒருத்தி.

பொடிப்பூச்சி கடிப்பது விடியலிலும் அந்தியிலும்தான். உச்சி வெயிலில், காற்று அடிக்கும்போது, அது இலைக்கு அடியில் ஒளிந்துகொள்ளும். கருமூஞ்சி இத்தனை நாளும் மேலே சும்மா உட்கார்ந்திருக்கவில்லை, கீழே ஆடுகள் எந்த நேரத்தில் வாலை ஆட்டுகின்றன, எந்த நேரத்தில் நிம்மதியாக மேய்கின்றன என்று பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். ஆகவே ஆறு ஆடுகளும் சரியாக நடுப்பகலில் இறங்கின.

கீழே இருந்த நிலைமையைப் பார்த்து வெள்ளைக்காதி அழுதேவிட்டாள். கருமூஞ்சி அழவில்லை. அழ நேரம் இல்லை. சாயங்காலத்துக்குள் மேலே போயாக வேண்டும். உயிரோடு இருந்த நாற்பத்து மூன்று ஆடுகளையும் எழுப்பினாள். திருகுக்கொம்பன் பழக்கத்தில் முன்னால் போய் நின்றான். நடக்க முடிந்தவை அவன் பின்னால் வரிசை சேர்ந்தன. நொண்டுகிறவை வாலில் நின்றன.

கழுதைப்புலி சோம்பல் முறித்துக்கொண்டு எழுந்து வந்தது.

"போங்க, தாராளமா போங்க. கடைசியில வர்றது எனக்கு. அதுதானே முறை?"

அப்போதுதான் கருமூஞ்சிக்கு விளங்கியது. வரிசை என்று ஒன்று இருந்தால் கடைசி என்று ஒன்று இருக்கும். அந்தக் கடைசியில் தளர்ந்து விழுந்து சாவதைத்தான் இது வருஷக்கணக்காகத் தின்றுகொண்டிருக்கிறது. அவள் மந்தையைப் பார்த்துச் சொன்னாள்.

"வரிசையை விடுங்க! நோயாளியெல்லாம் நடுவில வாங்க. கொம்பு உள்ளவங்க, நல்ல கால் உள்ளவங்க எல்லாம் சுத்தி நில்லுங்க. ஒட்டி நடங்க. யாரும் யாருக்கும் பின்னால இல்ல."

செம்மறி ஆடுகள் அப்படி நடந்ததே கிடையாது. எந்தக் காலை முன்னால் வைப்பது என்றே தெரியாமல் ஒன்றையொன்று இடித்துக்கொண்டன. பிறகு எப்படியோ ஒரு வட்டமாகச் சேர்ந்தன. வட்டம் மெல்ல மேட்டில் ஏறியது. நொண்டிய ஆட்டை இரண்டு பக்கமும் இரண்டு ஆடு தோளால் தாங்கியது. கழுதைப்புலி வட்டத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. எந்தப் பக்கம் போனாலும் குனிந்த தலைகள் அதன் பக்கம் திரும்பின.

"இதில யார் கடைசி?" என்று அது கத்தியது.

"கடைசி யாரும் இல்ல. பசிச்சா புல்லைத் தின்னு!" என்றாள் கருமூஞ்சி.

ஒரு முறை அது பாய்ந்தும் பார்த்தது. அவளும் வெள்ளைக்காதியும் சேர்ந்து முட்டிய முட்டில் விலா நொந்து, ஓடைப் பள்ளத்தில் போய் விழுந்தது. செத்ததையே தின்று பழகிய பிராணிக்கு உயிரோடு முட்டுகிற ஆடு புதுசு. அன்றைக்கு அது கரட்டின் பாதிக்கு மேல் வரவில்லை.

மேலே வந்து சேர்ந்த பிறகும் இரண்டு ஆடுகள் செத்துப்போயின. மற்றவை பிழைத்தன. காற்று இருந்தது, பூச்சி இல்லை. வாய்ப்புண் ஆறும்வரை மெல்ல முடியாதவர்களுக்குக் கற்றாழைக் குருத்தை மென்று கொடுத்தார்கள். அந்த வேலையை வெள்ளைக்காதிதான் முன்னால் நின்று பார்த்தாள்.

தை பிறந்து ஆறாம் நாள் கருமூஞ்சி ஈன்றாள். பெட்டைக்குட்டி. நாலு காலும் உதற, எழுந்து நின்று, விழுந்து, மறுபடி எழுந்து பால் குடித்தது. அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, போன குட்டியின் நினைப்பும் தாங்கவில்லை. இரண்டுக்கும் சேர்த்து அழுதாள்.

திருகுக்கொம்பன் குட்டியைப் பார்க்க வந்தான். நாக்கு வீக்கம் வடிந்து, அன்றுதான் அவனுக்குப் பேச்சு வந்திருந்தது. குனிந்து குட்டியை முகர்ந்து பார்த்தான். பிறகு மெல்லிய குரலில் அவளுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னான்.

"உன் மூத்தது வரிசை தப்பியதால யாரும் சாகல, ஆத்தா. பனி வரலன்னு எனக்கு அப்பவே தெரியும். நான் கூட்டிட்டுப் போனது தப்புன்னு சொல்ல வாய் வரல. அதான் குட்டி மேல பழி போட்டேன்."

கருமூஞ்சி எழுந்து நின்றாள்.

"எங்கிட்ட எதுக்கு அண்ணே சொல்றீங்க? எனக்கு அது அன்னைக்கே தெரியும். பழியை எத்தனை பேர் முன்னால போட்டீங்களோ, அத்தனை பேர் முன்னால சொல்லுங்க."

திருகுக்கொம்பன் அவளைப் பார்த்தான். அவள் பார்வையை எடுக்கவில்லை. கடைசியில் அவன் பாறை மேல் ஏறி நின்று, மற்ற நாற்பத்தாறு ஆடுகளும் கேட்க, அந்த வார்த்தையை அப்படியே சொன்னான். தலைவனாக அவன் செய்ததிலேயே கஷ்டமான வேலை அதுதான் என்று நினைக்கிறேன். பிறகு ஒவ்வோர் ஆடாக வந்து கருமூஞ்சியின் பக்கத்தில் படுத்தது.

கழுதைப்புலி அடிவாரத்திலிருந்து குரல் கொடுத்தது. இந்த வருஷம் தப்பித்தீர்கள், அடுத்த வருஷம் பனியே வராவிட்டால் என்ன செய்வீர்கள், பசித்தால் இறங்கித்தானே ஆக வேண்டும், நான் காத்திருப்பேன் என்றது.

"காத்திரு!" என்று திருப்பிக் கத்தினாள் கருமூஞ்சி. "பனி வந்தா இறங்குவோம். வரலன்னா உச்சி வெயில்ல காத்து அடிக்கும்போது இறங்கி, மேய்ஞ்சுட்டு, சாயங்காலத்துக்குள்ள ஏறிடுவோம். அதுவும் முடியலன்னா வேற வழி தேடுவோம். பசியோட இருந்தாலும் இருப்போம். உனக்காக ஒரு குட்டியும் இறங்காது."

குட்டிகளே, பெரியவர்களே, காலம் மாறிய பிறகும் பழைய கணக்கைச் சொல்லிச் சாவுக்கு அழைத்துப் போகிறவன் தலைவனாகவே இருந்தாலும், கால் நடுங்கினாலும் பரவாயில்லை, வழியை மறித்து எதிர்த்து நில்லுங்கள்.